பதினெட்டு மீற்றருக்குள்

"ஓகஸ்ட் 30, வெள்ளி" என்று திகதியிட்ட தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்தது. நீல மை. தலைப்போ கையொப்பமோ இல்லை. அன்று காலை என் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக உள்ளே விழுந்து கிடந்தது. அதிலுள்ள ஏழு வரிகளை அப்படியே தருகிறேன்.

"1. இன்றிலிருந்து வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். 2. தலைக்கு எண்ணெய் வேண்டாம். 3. நான் தந்த உடுப்பைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். 4. சாம்பிராணி கொளுத்தும் நாளில் உடுப்புப் பெட்டியைத் திறக்க வேண்டாம். 5. சவரம் செய்தபின் ஒன்றும் பூச வேண்டாம். 6. சத்தம் போடாத மணிக்கூடு ஒன்று. 7. மருந்து எதுவானாலும் என்னிடம் கேட்டுவிட்டு."

ஏழாவது வரியின் கீழ் ஒரு கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோடு தாளை எழுதியவர் போட்டதல்ல. பிறகு நான் போட்டது.

எழுதியவர் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்த ஓர் அக்கா. லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் பதினான்கு வருடம் அயலில் இருந்தோம். இந்தக் குறிப்பில் பெயரைப் போடலாமா என்று கேட்டபோது, "என்ர பேர் இல்லாட்டிக் கதை விளங்காதோ தம்பி?" என்றார். விளங்கும் என்றேன். "அப்ப தேவையில்லை" என்றார்.

அவர் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். செப்டெம்பர் பிற்பகுதியில் மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு, கனடாவின் வடக்கே சாலைகள் முடிந்துபோகும் காட்டுக்குப் போய், மர வில்லால் மூஸ் வேட்டையாடுவார். மூஸை அறியாதவர்களுக்கு: மான் இனத்தில் அதைவிடப் பெரியது இல்லை. வன்னிக் காட்டு மரையை மனதில் வைத்து, அதை இரண்டு மடங்காக்கி, கொம்பை இரண்டு உள்ளங்கை விரித்தது போல் தட்டையாக்கிக் கொள்ளலாம். அக்காவின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். வயது அப்போது ஐம்பத்தொன்பது.

அவருடைய வில்லில் கப்பியும் கிடையாது, குறிபார்க்கும் கருவியும் கிடையாது. ஒரு மரம், ஒரு நாண். அப்படிப்பட்ட வில்லால் எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம் என்று வேட்டைக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அக்காவின் கணக்குப் பதினெட்டு மீற்றர். அதற்குமேல் ஒரு கவடுகூட இல்லை. பதினெட்டு மீற்றர் என்றால், காட்டு மிருகத்தின் மூச்சு கேட்கும் தூரம்.

இதனால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் நடக்கும்போது எதையாவது கண்ணால் குறித்து ஓர் எண்ணைச் சொல்வார். "அந்தத் தபால் பெட்டி, இருபத்தொண்டு." சொன்னவுடன் பேச்சை நிறுத்திவிட்டு, நீளமான கவடுகளாக எட்டிவைத்து அளப்பார். ஒரு முறை பஸ் தரிப்பில் நின்ற முதியவர் ஒருவரைப் "பதினாறு" என்று குறித்து, எண்ணியபடி அவரை நோக்கி நடந்தார். அவர் பயந்து தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, "பதினாறரை" என்று எனக்குத் திரும்பிச் சொன்னார். அரை மீற்றர் பிழைத்ததற்காக அன்று முழுவதும் முகம் வாடியிருந்தது.

சரிபார்க்காத எதையும் அவர் சொல்லமாட்டார். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதனால் வதைபட்டிருக்கிறார்கள். என் முறை அந்த வருடம் மார்ச் மாதம் வந்தது.

ஏழு கிழமையாக விடாத இருமல். வைத்தியர் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அக்கா. "நாடியை நிமித்துங்கோ. தோளை முன்னுக்குத் தள்ளுங்கோ. மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ." தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போனார். அங்கே திரையில் என் நெஞ்சு தெரியும். நான் திரும்பி அவர் முகத்தைத்தான் பார்த்தேன். புருவம் அசையவில்லை. "மூச்சை விடலாம். சேட்டைப் போடுங்கோ. ரிசல்ட் வைத்தியருக்குப் போகும்."

"அக்கா, ஏதும் கிடக்கோ?"

"வைத்தியர் சொல்லுவார்."

"நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"நான் கண்டது படம். வருத்தத்தை அவர்தான் சொல்லவேணும்."

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் எங்கள் தெருவில் எதிரெதிரே அவரைச் சந்தித்தேன். சாதாரணமாகத்தான் கதைத்தார். குப்பை வண்டி வராததைப் பற்றிக் கதைத்தார். நான் அவர் குரலில் இரக்கம் தேடினேன். கொஞ்சம் கனிவாகப் பேசினால் முடிவு நெருங்கிவிட்டது என்று நினைத்தேன். கடுமையாகப் பேசினால் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் என் வீட்டு ஆவணங்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி அடுப்பங்கரை மேசையில் எறிந்துவிட்டு அழுதாள்.

எப்போதோ வந்த காய்ச்சலின் பழைய தழும்பு, வேறொன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார். நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும் என்ன?"

"தழும்பு மாதிரிக் கிடந்தது."

"அதை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"மாதிரி எண்டதை எப்பிடியப்பா சொல்லுறது? தழும்பு மாதிரி இருந்து தழும்பில்லாமல் போனதையும் நான் கண்டிருக்கிறன்." தேத்தண்ணி போட எழுந்தவர் பாதியில் நின்றார். "பதினொரு நாள் எனக்கும்தான்."

அந்தக் கடைசிச் சொற்களுக்காக அவரை மன்னித்தேன்.

எங்கள் ஆட்களுக்கு அவருடைய வேட்டை பெரிய பகிடி. நோர்பரியில் ஒரு பிறந்தநாள் விழாவில் எனக்கு முன்னாலேயே நடந்தது இது. ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, "அக்கா, அஞ்சு தரம் கனடாவுக்குப் போய் ஸ்காபரோவைப் பாக்காமல் வந்த ஒரே தமிழாள் நீங்கள்தான்" என்றார்.

"அங்க என்ன நிக்குது?"

"எங்கட சனம் நிக்குது."

"நான் சனத்துக்கு லைசென்ஸ் எடுக்கேல்லை."

சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர், "எத்தினை விழுந்தது இதுவரைக்கும்?" என்றார். "ஒண்டு" என்றார் அக்கா. அதன் இறைச்சி அங்கேயே, காட்டில் கூட வரும் வழிகாட்டியின் ஊருக்குப் போயிற்று. மற்ற நான்கு பயணங்களிலும் அவர் ஓர் அம்புகூட விடவில்லை. ஒரு முறை இருபது மீற்றரில் நாலு நிமிடம் நின்ற மிருகத்தை அப்படியே போகவிட்டிருக்கிறார். இரண்டு மீற்றருக்காக ஒரு வருடம்.

அது ஏன் என்பதை ஜூலை மாதத்தில், அவருடைய சமையலறையில், நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார். துவக்குச் சூடு போல அம்பு மிருகத்தை அடித்து வீழ்த்துவதில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் போனால் அது ஓடி, சற்றுத் தூரத்தில் படுத்து, அமைதியாக முடியும். ஒரு சாண் பின்னால் பட்டால் வயிறு. அப்போது மிருகம் நாள்கணக்கில் சாகும், அல்லது சாகாமல் அலையும். அதனால்தான் எய்த பிறகு உடனே பின்தொடரக் கூடாது. பட்ட மிருகம் துரத்தல் இல்லை என்று கண்டால் கிட்டவே படுத்துவிடும். துரத்தினால் மலை தாண்டி ஓடும்.

"காயப்பட்டதைத் துலைச்சிட்டா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

"பிறகு நாண் ஏத்தமாட்டன்."

"அந்த வருஷமோ?"

"வருஷமென்ன வருஷம். பிறகு எண்டால் பிறகுதான்."

அதே மேசையில்தான் என்னையும் வரச் சொன்னார். எய்யும் கணத்தில் அவர் மிருகத்தின் விலாவில் ஒரு மயிர்க்கற்றையைத்தான் பார்ப்பாராம், அதன் தலைகூடத் தெரியாதாம். அதனால் நேரத்தையும் திசையையும், மிருகம் என்ன செய்தது என்பதையும் குறிக்க இன்னொரு சோடிக் கண் வேண்டும். வழிகாட்டி பின்னால் நின்று பெண் மூஸ் போலக் கூப்பிடவேண்டியவர், அங்கிருந்து அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. "நீங்கள்தான் தெருவில ஆர் எத்தினை மணிக்கு இருமினது எண்டும் எழுதுறனீங்கள். வந்து உருப்படியா ஒண்டு எழுதுங்கோ."

அவர் தந்த உடுப்பு தோட்டத்துக் கொட்டிலில், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், காய்ந்த இலைகளோடு கிடந்தது. தமிழர் வீட்டு உடுப்பில் வெங்காயத் தாளிதம் ஏறாமல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூன்று கிழமையில்தான் அறிந்தேன். மனைவி மீன் பொரிக்கும் நாட்களில் நான் தோட்டத்தில் நின்று சாப்பிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் இருமல் திரும்ப வந்தது. பெரிதாக இல்லை, தொண்டையில் ஒரு நமைச்சல். மனைவி என் காலுறைக்குள் சிறிய போத்தல் ஒன்றைச் சுருட்டி வைத்தாள். ஊரிலிருந்து வந்த, நெஞ்சுக்குப் பூசும் தைலம்.

"உதெல்லாம் கொண்டுபோகக் கூடாது" என்றேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அங்க குக்கு குக்கெண்டு இருமினா அந்த மாடு நிக்குமோ? அந்த மனிசி அஞ்சு வருஷமாக் காத்துக் கிடக்கிறா. உங்கட இருமலால துலைச்சிட்டு வந்து நிக்காதேங்கோ."

"அவ கேக்கச் சொன்னவ."

"கேட்டா வேண்டாமெண்டுவா. ஒரு சொட்டுத்தானே."

ஐந்து பேர் அமரும் மிதவை விமானம் எங்களை ஓர் ஏரியில் இறக்கிவிட்டுப் போனது. வெளிநாட்டவர்கள் வழிகாட்டி இல்லாமல் அங்கே வேட்டையாட முடியாது. அவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர், எழுபதை நெருங்கியவர், குறைவாகப் பேசுபவர். அக்காவின் திருநீற்றுப் போத்தலை முதல் வருடம் கண்டபோது, இது வழிபாட்டுக்கா என்று கேட்டாராம். அக்கா ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் உதறிக் காட்டியிருக்கிறார். தூள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எங்கள் மணமும் போகும். "ரெண்டுக்கும்தான்" என்று பதில். வாசம் சேர்க்காத திருநீறாகத் தேடி மனோர் பார்க்வரை போய் வாங்கியது.

முதல் ஆறு நாள் என் குறிப்பேட்டில் குளிர், காற்று, கால்தடம் தவிர ஒன்றுமில்லை. ஏழாம் நாள் காலை, இரண்டு நாளில் பெரிய மழை வரும் என்று வழிகாட்டியின் செய்மதித் தொலைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. அன்று விடியும்போது என் தொண்டை கரகரத்தது. அக்காவும் வழிகாட்டியும் ஏரிக்கரையில் நின்றார்கள். நான் கூடாரத்துக்குள் இருந்து போத்தலைத் திறந்தேன். ஒரு சொட்டு. நெஞ்சில் தேய்த்து, மூன்று உடுப்பை மேலே இழுத்து மூடினேன்.

அக்காவும் நானும் சதுப்பு நிலத்தின் ஓரம், இடுப்பளவுப் புதருக்குள் இருந்தோம். நான் அவருக்கு இரண்டு கவடு பின்னால். வழிகாட்டி எங்களுக்கு நாற்பது மீற்றர் பின்னால் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து, நீளமாக, அழுவதுபோல ஒரு சத்தம் எழுப்பினார். அக்கா திருநீறு உதறினார். தூள் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. நல்ல காற்று. 7.22க்கு எதிர்ப்பக்க மரங்களுக்குள் கிளை முறிந்தது. பிறகு ஓர் உறுமல், மூச்சை இழுத்து விட்டதுபோல. மரங்கள் விலகின என்று எழுதுவதே சரி. கொம்புதான் முதலில் வந்தது.

இருமல் வரவில்லை. அது மட்டும்தான் அப்போது என் கவலை. தைலத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது நின்று, நடந்து, நின்று, நடந்து வந்தது. நாற்பது. முப்பது. பத்தொன்பது நிமிடம் எடுத்தது. இருபதில் நின்று மண்ணைக் காலால் கிளறியது. அக்கா அசையவில்லை. அதன் இடது விலா எங்கள் பக்கம் இருந்தது. இன்னும் மூன்று எட்டு வைத்தது. பதினேழு. அக்கா வில்லை இழுத்தார்.

அப்போது வெயில் சரிவில் ஏறியிருந்தது. என் பிடரியில் காற்றுப் பட்டது.

முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்றுத்தான். இப்போது பின்னாலிருந்து. மூஸின் மூக்குத் துளை விரிந்தது. தலை உயர்ந்தது. அது அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. பார்த்தபடியே உடலைத் திருப்பத் தொடங்கியது. பிறகுதான் நாண் ஒலித்தது.

மிருகம் புதரை உடைத்துக்கொண்டு போனது. சத்தம் குறைந்து, இல்லாமல் போனது.

"எத்தினை மணி?" திரும்பாமலே கேட்டார்.

"ஏழு நாப்பத்தொண்டு."

"எங்க பட்டது?"

"பின்னுக்கு... வடிவாத் தெரியேல்லை அக்கா."

"நாண் சத்தத்துக்குத் திரும்பிச்சுதோ?"

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். "7.41. அம்பு" என்று மட்டும் எழுதியிருந்தேன். "இருக்கும்" என்றேன்.

அது நின்ற இடத்தில் கொஞ்ச மயிரும் மூன்று துளி கரிய இரத்தமும் இருந்தன. அம்பு கிடைக்கவில்லை. அக்கா மயிர்களை எடுத்து வானத்துக்கு எதிரே பிடித்து, படம் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். வயிறாக இருக்கலாம், விலாவின் மேல்தோலை மட்டும் கிழித்திருக்கவும் கூடும், தெளிவில்லை என்றார். வயிறென்றால் ஆறு மணித்தியாலமாவது காத்திருக்கவேண்டும். வழிகாட்டி மேற்கே காட்டினார். இரண்டு நாளில் வரவேண்டிய மழை அங்கே ஏற்கெனவே நின்றது. காத்திருந்தால் மழை இரத்தத்தைக் கழுவிவிடும். போனால் மிருகம் எழுந்து ஓடும்.

"உன் மிருகம், நீ சொல்" என்றார் வழிகாட்டி.

அக்கா ஒரு வீழ்ந்த மரத்தில் உட்கார்ந்தார். "பொறுப்பம்."

நான் அப்படிப்பட்ட காத்திருப்பை அதற்கு முன் அறிந்ததில்லை. என் நெஞ்சு சூடாக மணந்துகொண்டிருந்தது. எனக்கு அது கேட்பதுபோல் இருந்தது. அக்கா கைகளை முழங்காலில் வைத்து, மிருகம் போன திசையையே பார்த்திருந்தார். சொல்லலாம் என்று நாலு முறை வாயெடுத்தேன். சொன்னால் என்ன மாறும் என்று நாலு முறை மூடினேன். 11.50க்கு முதல் துளி என் குறிப்பேட்டில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் கறை இன்னும் இருக்கிறது.

முதல் துளியோடு எழுந்து போனோம். இருநூறு மீற்றர்வரை தடம் இருந்தது. பிறகு மழை.

மூன்று நாள் தேடினோம். அக்கா நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கவடு எண்ணி நடந்தார். இரண்டாம் நாள் ஒரு கரடியின் தடத்தைக் கண்டு வழிகாட்டி எங்களைத் திருப்பி அழைத்துவந்தார். மூன்றாம் நாள் இன்னொரு ஆண் மூஸ் ஏரிக்கரைக்குத் தானாக வந்து நின்றது. வழிகாட்டி அக்காவைப் பார்த்தார். அக்கா வில்லைத் தொடவில்லை. "எனக்குரியது உள்ளுக்குள்ள கிடக்குது" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்கு விளங்கியது.

விமானம் வந்தபோது, இன்னும் ஒரு நாள் நிற்க முடியாதா என்று விமானியிடம் கேட்டார். மேகம் இறங்குகிறது, இப்போது இல்லையென்றால் ஒரு கிழமை ஆகும் என்றார் அவர். அக்கா கரையில் நின்று நாணைக் கழற்றிச் சுருட்டி வழிகாட்டியின் கையில் வைத்தார். கடைசியாக ஏறினார்.

ஒக்டோபர் முழுவதும் நான் அவரைத் தவிர்த்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் யன்னல் பக்கம் போகமாட்டேன். வில் பயிற்சிக் கழகத்தில் அங்கத்துவத்தை நிறுத்திவிட்டார் என்று மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "தோள் பிழைச்சுப் போச்சாம். வயசு போட்டுது, நாணைச் சுத்தமா விடத் தெரியேல்லை எண்டு சொன்னவவாம். பாவம்." அவள் போத்தலைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் அவளுக்குச் சொல்லவில்லை. இரவில் எழுந்து குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். "7.41. அம்பு." இரண்டு சொல்லும் பொய்யில்லை.

நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வாண்டில் ஆற்றங்கரை நடைபாதையில் எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை. ஒரு மரத்தைக்கூட அவர் அளக்காமல் நடந்துவருவதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நாண் சத்தத்துக்கு அது திரும்பேல்லை. அதுக்கு முந்தியே திரும்பிட்டுது. காத்து மாறினது. நான் தைலம் பூசியிருந்தனான். உங்கட தோளில ஒரு பிழையுமில்லை."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அதே முகம்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கூடாரத்துக்குள்ள வரேக்கயே மணந்தது. அந்தத் தைலம் எங்கட வீட்டிலயும் கிடக்குது."

"அப்ப ஏன் என்னை விட்டிட்டுப் போகேல்லை?"

"விட்டிட்டுப் போயிருக்கவேணும். மழை வருகுது எண்டு சொல்லிட்டினம். காத்து முகத்துக்கு அடிக்குது, வெயில் ஏறிக் காத்து மாறமுந்தி அது வந்திடும் எண்டு நினைச்சன்." நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நினைச்சன், தம்பி. சரிபார்க்கேல்லை. மணந்தும் போனது என்ர பிழை. தோளெண்டு மற்றவைக்குச் சொன்னன், வேற என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே. ஆறு கிழமை நித்திரை இல்லை."

"நீங்கள் எழுதுவியளோ எண்டு பாத்தனான்."

அவர் அதைக் கடிந்து சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை காதில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து, "7.41" என்பதன் கீழ் நடந்ததை நடந்த வரிசையில் சிவப்பு மையால் எழுதி, எழுதிய திகதியையும் போட்டு, படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "கிடைத்தது" என்று பதில் வந்தது.

அடுத்த கோடையில் அவர் ஓய்வுபெற்று, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஸ்கொட்லாந்தின் வடகரையில் ஒரு சிற்றூருக்குப் போனார். வில்லையும் கொண்டுபோனார். ஏன் கொண்டுபோகிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் வழிகாட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தெரியாமல், இரண்டு மாதத்துக்கொரு மின்னஞ்சல், ஒரே கேள்வி: எலும்பு ஏதாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்பார். இந்த ஒக்டோபரில் வந்த பதில் வேறாக இருந்தது. அதே சதுப்பு நிலத்துக்கு மேலே, மழை மூட்டத்தில், ஏறக்குறைய இருநூறு மீற்றரில், ஒரு பெரிய ஆண் மூஸ் சரிவு ஏறிப்போவதைக் கண்டாராம். விலாவில் மயிர் முளைக்காத நீண்ட தழும்பு. நன்றாக நடந்தது. கொம்புச் சண்டையில் பட்ட காயமாகவும் இருக்கலாம்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, மின்னஞ்சலை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். மறுமுனையில் எங்கோ கடற்பறவைகள் கத்தின. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது குரல் வந்தது. நான் அவரிடம் ஒருபோதும் கேட்டிராத குரல்.

"எந்தப் பக்கம்?"

மின்னஞ்சலில் அது இல்லை. கேட்டு எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: "இடது என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன்."

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு வாசிக்கலாம். அவர் நாண் ஏற்றுவார். யாருக்கும் தீங்கில்லை. மனைவியும் அதையே சொன்னாள்: "இடதெண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன். அந்த மனிசி நிம்மதியா இருக்கட்டும்."

அழைத்தேன். இரண்டு வாக்கியத்தையும் வாசித்தேன்.

"நினைக்கிறாராம்" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"நீங்கள் எழுதி வையுங்கோ. வாற செப்டெம்பர் நான் போய்ப் பாக்கிறன். வில்லில்லாமல்."

எழுதி வைத்திருக்கிறேன். தழும்பு இடது விலாவில் இருந்தது என்பதற்கு, மழையில் இருநூறு மீற்றரில் நின்று பார்த்த ஒருவரின் ஞாபகத்தைத் தவிர ஆதாரம் இல்லை. அது அதே மூஸ்தான் என்பதற்கு அதுவும் இல்லை. இதை எழுதும் இன்றைய திகதிவரை இரண்டும் உறுதிப்படுத்தப்படவில்லை.